வாயுள்ள பிள்ளை

வனாந்தரத்தில் அகப்பட்டு, போன இடத்திலேயே உயிரை விட்டவர்களின் வரலாறுகளைப் படிப்பதில் எனக்கு நெடுநாளாக ஓர் ஈடுபாடு உண்டு. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது தொழில் சம்பந்தப்பட்ட படிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய புத்தகங்களைக் கையில் எடுக்கும்போது பசி, தாகம், பாம்பு, புலி இவைதாம் மனிதனைக் கொல்லப் போகின்றன என்று எதிர்பார்த்துக்கொண்டே ஆரம்பிக்கிறோம். முடித்துவிட்டுச் சற்று யோசித்தால் வேறொன்று புலப்படுகிறது. பசியும் தாகமும் கடைசி அத்தியாயத்தில்தான் வருகின்றன. அவை வந்து சேருவதற்கு வெகு காலம் முன்பே, ஊரிலிருந்து புறப்படும்போதோ, பாதி வழியில் ஒரு மரத்தடியில் கூடிப் பேசும்போதோ, யாரோ ஒருவர் சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். யாரோ ஒருவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கிறார்.

இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவான உதாரணம் 1860, 1861-ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு பிரயாணம். பர்க், வில்ஸ் என்ற இருவரின் பெயரால் அது வழங்கி வருகிறது. அந்த நாட்டில் அதைக் கேள்விப்படாதவர் அரிது. நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அப்போது மெல்போர்ன் நகரம் பணத்தில் மிதந்துகொண்டிருந்தது. 1851-ல் விக்டோரியாவில் தங்கம் அகப்பட்டதிலிருந்து பத்து வருஷத்துக்குள் ஊர் ஊதிப் பெருத்துவிட்டது. கையில் பணம் சேர்ந்தால் அடுத்தபடி பெயர் வேண்டும் அல்லவா? ஆஸ்திரேலியாவின் தென் கரையில் புறப்பட்டு, நடுவே ஊடுருவி, வட கரையைத் தொட்ட வெள்ளைக்காரர் அதுவரையில் ஒருவரும் இல்லை. பக்கத்துத் தென் ஆஸ்திரேலியாவில் ஜான் மக்டோவல் ஸ்டூவர்ட் என்பவர் அதே முயற்சியில் இறங்கியிருந்தார். அவரை எப்படியாவது முந்திவிட வேண்டும் என்று மெல்போர்னில் இருந்த ராயல் சங்கத்தார் ஒரு கமிட்டி போட்டுப் பணம் திரட்டினார்கள்.

தலைவராக நியமனம் பெற்றவர் ராபர்ட் ஒஹாரா பர்க். அயர்லாந்தில் பிறந்தவர், போலீஸ் அதிகாரி, நாற்பது வயதை ஒட்டியவர். தைரியசாலி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாட்டின் உட்பகுதியில் பிரயாணம் செய்து அவருக்குப் பழக்கமில்லை. மதுக்கடையிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியிலேயே அவருக்குத் திசை தப்பிவிடும் என்று ஒரு வேடிக்கைப் பேச்சுக்கூட உண்டு. வில்லியம் ஜான் வில்ஸ் இங்கிலாந்துக்காரர். 26 வயது இளைஞர். நில அளவையும் வான நூலும் கற்றவர். நட்சத்திரங்களைப் பார்த்து, தாம் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். இவர் கூட இருந்ததனால், தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது அந்தக் கோஷ்டிக்குக் கடைசி வரையில் தெரிந்திருந்தது. வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்குத்தான் அது தெரியாமல் போயிற்று.

1860 ஆகஸ்டு 20-ந் தேதி, மெல்போர்ன் ராயல் பார்க்கில் சுமார் 15,000 ஜனங்கள் கூடி வழியனுப்ப, கோஷ்டி புறப்பட்டது. 19 ஆட்கள், 23 குதிரைகள், 26 ஒட்டகங்கள், 6 வண்டிகள். சாமான் மட்டும் 20 டன். இரண்டு வருஷத்துக்கு வேண்டிய ஆகாரம், ஆகாயத்தில் விடும் வாணங்கள், ஒரு சேகண்டி, மேஜை நாற்காலி எல்லாம் இருந்தன. ஒட்டகங்களுக்கு என்று ரம் சாராயம்கூடப் பீப்பாய்களில் போயிற்று. முதல் நாள் நள்ளிரவில் அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் நகரத்தின் ஓரத்திலிருந்த எஸ்ஸெண்டன். அதற்குள் மூன்று வண்டிகள் முறிந்துவிட்டன. இத்தனை சாமானையும் பட்டியல் போட்டவர்கள், இதை யார் எப்படி இழுத்துப் போவது என்று வண்டிக்காரனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த ஒட்டகங்களுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. அவற்றில் பெரும்பாலானவை அக்காலத்து இந்தியாவில் வாங்கி, கராச்சித் துறைமுகத்தில் கப்பலேற்றிக் கொண்டுபோனவை. அவற்றை ஓட்டுவதற்காக இங்கிருந்து போன ஆட்களில் நால்வர் இந்தக் கோஷ்டியில் சேர்ந்தார்கள். அவர்களில் சாம்லா என்பவர் ஹிந்து. முகாமில் போட்ட மாட்டிறைச்சியை அவரால் தொட முடியவில்லை. சில நாள் ரொட்டியையும் தண்ணீரையும் கொண்டு காலம் தள்ளிப் பார்த்துவிட்டு, விடைபெற்றுக்கொண்டு திரும்பி நடந்துவிட்டார். இரண்டு வருஷத்து ஆகாரத்தை மூட்டை கட்டியவர்கள், உண்ணப் போகிற மனிதனை, 'அப்பா, நீ என்ன சாப்பிடுவாய்?' என்று கேட்கவில்லை. சின்ன விஷயந்தான். ஆனால் பின்னால் வந்த பெரிய விஷயங்களும் இதே ஜாதியைச் சேர்ந்தவைதாம்.

டார்லிங் நதிக் கரையில் உள்ள மெனிண்டீ என்ற ஊருக்கு அவர்கள் அக்டோபர் நடுவில் போய்ச் சேர்ந்தார்கள். தபால் வண்டி ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்ளும் தூரத்துக்கு இவர்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. இதற்குள் உபதலைவர் லாண்டெல்ஸ் என்பவருக்கும் பர்க்குக்கும் மனஸ்தாபம் முற்றி, அவர் ராஜிநாமாச் செய்துவிட, வில்ஸ் அந்த ஸ்தானத்துக்கு உயர்ந்தார். பர்க்குக்குப் பொறுமை போய்விட்டது. ஸ்டூவர்ட் முந்திவிடுவாரே என்ற கவலை. கோஷ்டியை இரண்டாகப் பிரித்து, நல்ல மிருகங்களையும் திடகாத்திரமான ஆட்களையும் மட்டும் கூட்டிக்கொண்டு அக்டோபர் 19-ந் தேதி முன்னே போனார். அந்தப் பிரதேசத்தை ஓரளவு அறிந்த ரைட் என்பவர் கொஞ்ச தூரம் வழி காட்டினார். நடுவழியில் பர்க் அவரையே ஓர் அதிகாரியாக நியமித்து, 'நீ திரும்பிப் போய் மீதி ஆட்களையும் சாமானையும் அழைத்து வா' என்று அனுப்பிவிட்டார்.

ரைட் திரும்பி வந்தார். வந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பர்க் நியமித்ததெல்லாம் வாய்வார்த்தை. கமிட்டி அதை ஒப்புக்கொள்ளுமா, சம்பளம் யார் தருவார்கள், இன்னும் குதிரை வாங்கப் பணம் எங்கே என்றெல்லாம் அவருக்குச் சந்தேகம். மெல்போர்னுக்குக் கடிதம் போய், பதில் வந்து, அவர் மெனிண்டீயை விட்டு நகர்ந்தது 1861 ஜனவரி 26-ந் தேதி. பர்க்குக்குப் பின்னாலேயே வந்து சேர வேண்டிய ஆகாரமும் ஆட்களும் மூன்று மாதம் ஆற்றங்கரையிலேயே கிடந்தன.

பர்க் நவம்பர் மாதத்திலேயே கூப்பர் ஓடைக்குப் போய்விட்டார். 1845-ல் சார்லஸ் ஸ்டர்ட் என்ற பிரயாணி பெயரிட்ட ஓடை அது. ஓடை என்றால் நம் ஊர் வாய்க்காலை நினைக்க வேண்டாம். வெள்ளம் வரும் வருஷத்தில் மைல் கணக்கில் அகன்று ஓடும். மற்றச் சமயங்களில் நீண்ட மடுக்களாகத் தேங்கி நிற்கும். மடுவில் மீன் உண்டு, சிப்பி உண்டு, கரையில் நிழல் மரம் உண்டு. யாண்ட்ருவாண்டா என்ற ஆதிகுடி மக்கள் எத்தனையோ தலைமுறையாக அங்கே வசித்து வந்தார்கள். கோஷ்டியார் எழுதிய காகிதங்களில் அது வனாந்தரம். அவர்களுக்கு அது சொந்த ஊர்.

அந்த ஓடைக் கரையில் ஒரு பெரிய கூலிபா மரத்தினருகில் முகாம் போட்டார்கள். ரைட் வருகிற வரையில் பொறுத்திருந்தால் போதும். பர்க் பொறுக்கவில்லை. டிசம்பர் 16-ந் தேதி, அந்த நாட்டுக் கடுங்கோடையில், வில்ஸ், ஜான் கிங், சார்லி கிரே என்ற மூவருடன், ஆறு ஒட்டகங்களையும் ஒரு குதிரையையும் ஓட்டிக்கொண்டு, மூன்று மாத ஆகாரத்துடன் வட கரையை நோக்கிக் கிளம்பிவிட்டார். முகாமைப் பிராஹே என்ற இளைஞனிடம் ஒப்படைத்தார். மூன்று மாதம் காத்திரு, அல்லது ஆகாரம் தீர்கிற வரையில் இரு என்ற அளவில் உத்தரவு. வில்ஸ் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, முடிந்தால் நான்கு மாதம் இரு என்று கேட்டுக்கொண்டார். தலைவர் ஒன்று சொல்ல, உபதலைவர் காதோடு காதாக இன்னொன்று சொல்ல, எதுவும் எழுத்தில் இல்லாமல், பிராஹே மூன்று தோழர்களுடன் அந்த மரத்தடியில் உட்கார்ந்தான்.

நால்வரும் இரண்டு மாதம் நடந்து, பிப்ரவரி மாதத்தில் கார்ப்பென்டேரியா வளைகுடாவை அடைந்தார்கள். அலையாத்திக் காடும் சதுப்பும் வழி மறித்ததால் கடலைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. தண்ணீர் உப்புக் கரித்தது, கடல் ஏற்றவற்றம் தெரிந்தது. அதோடு திருப்தி அடைந்து திரும்பினார்கள். மெல்போர்னிலிருந்து அதுவரை சுமார் 2,000 மைல். மூன்று மாத ஆகாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்துவிட்டது. திரும்பும் தூரம் மட்டும் அப்படியே இருந்தது. பிறகு மழைக்காலம். சேறு, ஈரம், அரை வயிறு. ஒட்டகங்களையும் குதிரையையும் ஒன்றொன்றாகக் கொன்று தின்றார்கள்.

கிரே உடம்பு சரியில்லை என்று முறையிட்டபோது மற்றவர்கள் நம்பவில்லை. பாசாங்கு செய்கிறான் என்று எண்ணினார்கள். மாவைத் திருடித் தின்றதற்காகப் பர்க் அவனை அடித்தும் விட்டார். ஏப்ரல் 17-ந் தேதி காலையில் கிரே செத்துக் கிடந்தான். சொன்னவன் உண்மையைத்தான் சொல்லியிருந்தான். பலஹீனப்பட்டிருந்த மூவருக்கும் அவனைப் புதைக்க ஒரு குழி தோண்டுவதற்கே அந்த நாள் முழுவதும் போய்விட்டது. அந்த ஒரு நாளுக்கு என்ன விலை என்பது நான்கு நாள் கழித்துத் தெரிந்தது.

ஏப்ரல் 21-ந் தேதி இரவு ஏழரை மணி சுமாருக்கு மூவரும் தள்ளாடித் தள்ளாடிக் கூப்பர் ஓடை முகாமுக்கு வந்து கூவினார்கள். பதில் இல்லை. அடுப்புச் சாம்பலில் இன்னும் சூடு இருந்தது. மரத்தில் புதிதாக எழுத்து வெட்டியிருந்தது. அன்றையத் தேதியும், 'தோண்டு' என்ற சொல்லும். பிராஹே நான்கு மாதமும் ஐந்து நாளும் காத்திருந்துவிட்டு, அன்று காலையில்தான் போயிருந்தான். வித்தியாசம் ஒன்பது மணி நேரம். இந்த இடத்தை நான் ஒரு தொடர்கதையில் எழுதியிருந்தால், 'ஆசிரியர் வேண்டுமென்றே அழ வைக்கிறார்' என்று வாசகர்கள் பத்திரிகைக்குக் கடிதம் போட்டிருப்பார்கள். சரித்திரம் அந்தக் கடிதங்களுக்கெல்லாம் பயப்படுவதில்லை.

மூவரும் தோண்டினார்கள். மாவு, சர்க்கரை, அரிசி, உலர்ந்த மாமிசம், ஒரு கடிதம். நம் பெரியவர்கள் கடிதம் எழுதும்போது வீட்டில் நாலு பேர் படுக்கையில் கிடந்தாலும் 'இவ்விடம் யாவரும் க்ஷேமம்' என்று தொடங்குவார்கள். பிராஹேயின் கடிதமும் கிட்டத்தட்ட அந்த ரகம். குதிரையிலிருந்து விழுந்து காலில் காயம்பட்ட பாட்டன் என்பவரைத் தவிர மற்றவர்கள் நலம், ஒட்டகங்களும் குதிரைகளும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று எழுதியிருந்தான். உண்மையில் ஆட்களைச் சொறிகரப்பான் பிடித்து வாட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் நத்தை வேகத்தில்தான் போனார்கள். அன்றிரவு அவர்கள் படுத்திருந்த இடம் முகாமிலிருந்து 14 மைல். இது தெரிந்திருந்தால் ஒருவேளை துரத்திப் பிடிக்க முயன்றிருப்பார்கள். கடிதத்தைப் படித்த பர்க், நல்ல மிருகங்களில் போகிறவர்களை நம்மால் எங்கே எட்ட முடியும் என்று கைவிட்டார்.

பிறகு பர்க் ஒரு முடிவு செய்தார். வந்த வழியே மெனிண்டீக்குத் திரும்பலாம் என்று வில்ஸும் கிங்கும் சொன்னார்கள். பர்க் சம்மதிக்கவில்லை. தென்மேற்கே சுமார் 150 மைலில் இருந்த கால்நடைப் பண்ணைக்குப் போகலாம் என்றார். 1858-ல் அகஸ்டஸ் கிரகரி என்ற பிரயாணி அந்தத் திசையில் போய்க் கரை சேர்ந்திருந்தார். ஆகையால் யோசனை பைத்தியக்காரத்தனமானது அல்ல. அந்தப் பண்ணைக்கு அடையாளமாக இருந்த மலைக்கு, 'நம்பிக்கையற்ற மலை' என்று முன்பே ஒருவர் பெயர் வைத்திருந்தார் என்பது வேறு விஷயம்.

வழி மாறியதில் எனக்கு அவ்வளவு குறை இல்லை. மாறிய செய்தியைச் சொன்ன விதத்தில்தான் குறை. பர்க் ஒரு கடிதம் எழுதினார். எங்கே போகிறோம், எப்படி இருக்கிறோம் என்று தெளிவாகவே எழுதினார். அதைப் பெட்டியில் வைத்து அதே குழியில் புதைத்து, மண்ணை முன்போலவே சமப்படுத்தி, தோண்டியது தெரியாதபடி மூடினார்கள். ஆதிகுடிகள் கண்டால் எடுத்துவிடுவார்களாம். மரத்தில் இருந்த எழுத்தை மாற்றவில்லை. 'வந்தோம்' என்று ஒரு சொல், ஒரு கோடு, ஒரு புதுத் தேதி எதுவும் வெட்டவில்லை. ஏப்ரல் 23-ந் தேதி புறப்பட்டுப் போனார்கள்.

பிராஹே வழியில் ரைட்டின் கோஷ்டியைச் சந்தித்தான். எதற்கும் இன்னொரு முறை பார்த்துவிடலாமே என்று இருவரும் குதிரையேறித் திரும்பி, மே 8-ந் தேதி அந்த மரத்தடிக்கு வந்தார்கள். எழுத்து தான் வெட்டியபடியே இருந்தது. மண் தான் மூடியபடியே இருந்தது. கால்மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, யாரும் வரவில்லை என்று முடிவு கட்டித் திரும்பிவிட்டார்கள். காலடியில் இருந்த கடிதத்தைத் தோண்டிப் பார்க்கவில்லை. அப்போது பர்க்கும் மற்ற இருவரும் அதே ஓடைக் கரையில், சுமார் 35 மைல் கீழே இருந்தார்கள். பிராஹேயும் ரைட்டும் தாங்கள் வந்து போனதற்கும் ஓர் அடையாளம் வைக்கவில்லை. அதனால் மே கடைசியில் வில்ஸ் தம் தினக்குறிப்புகளைப் புதைப்பதற்காக அதே மரத்துக்குத் தனியே நடந்து வந்தபோது, யாரும் வரவில்லை என்று அவரும் முடிவு கட்டினார். ஒரே மரத்தடிக்கு இரு கட்சியாரும் வந்தார்கள். இரு கட்சியாரும் வாய் பேசாமல் போனார்கள்.

பண்ணையை நோக்கிய பிரயாணமும் நடக்கவில்லை. மிச்சமிருந்த இரண்டு ஒட்டகங்களில் ஒன்று சேற்றில் புதைந்தது, மற்றொன்று களைத்து விழுந்தது. தண்ணீர் சுமக்க மிருகம் இல்லாமல் ஓடையை விட்டு விலக முடியவில்லை. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடைக் கரைக்கே வந்தார்கள். யாண்ட்ருவாண்டா மக்கள் மீனும், நார்டூ என்ற ஒரு பொருளில் செய்த அப்பமும் கொடுத்தார்கள்.

நார்டூ வேறொன்றுமில்லை. நம் வயல் வரப்பிலும் குளத்தோரத்திலும் நாலு இலையாக விரிந்து நிற்கிறதே, ஆரைக்கீரை, அதன் இனத்தைச் சேர்ந்தது. நாம் இலையைச் சமைக்கிறோம். அவர்கள் அதன் அடியில் உண்டாகும் பருப்பளவான கெட்டிக் காயை இடித்து மாவாக்குகிறார்கள். அந்தச் செடி வளரும் இடத்தைக் கண்டுபிடித்ததும் பர்க் கோஷ்டியார் பிழைத்தோம் என்று மகிழ்ந்தார்கள். நாள் முழுவதும் பொறுக்கினார்கள், இடித்தார்கள், வயிறு நிறையத் தின்றார்கள். ஆனால் கை கால் வற்றிக்கொண்டே வந்தது. பசியாறச் சாப்பிட்டும் உடம்பு தேய்கிறதே என்று வில்ஸ் தம் குறிப்பில் ஆச்சரியப்படுகிறார்.

காரணம் பிற்காலத்தில் தெரிந்தது. தீட்டிய அரிசியையே தின்று வந்தால் பெரிபெரி என்ற வியாதி வரும் அல்லவா? தயமின் என்னும் சத்து இல்லாததனால் வருவது. நார்டூவில் அந்தச் சத்தை அழிக்கும் ஒரு பொருள் இருக்கிறது. அவர்களைக் கொன்றது இந்த வகைப் பெரிபெரியாக இருக்கலாம் என்று 1994-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். ஆதிகுடிப் பெண்கள் காயை வறுத்து, தண்ணீர் விட்டு அரைத்துப் பக்குவம் செய்ததில் அந்த நஞ்சு அடங்கிவிடும் என்பது அவர்கள் கருத்து. வெள்ளைக்காரர்கள் பண்டத்தைப் பார்த்தார்கள், பக்குவத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை. நம் வீடுகளில் கருணைக்கிழங்கைப் புளி விட்டுச் சமைக்க வேண்டும் என்று பாட்டி சொல்லித்தான் தெரியும். புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டவர் எத்தனை பேர்?

கேட்பதற்கு ஆட்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். வில்ஸ் மரத்துக்குப் போயிருந்த சமயம், அவர்கள் மூன்று நாள் மீன் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒருவன் குடிசையிலிருந்து ஓர் எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு ஓடினான். பர்க் துரத்திப் போய் அவன் தலைக்கு மேலே சுட்டார். அதன்பின் அவர்கள் தந்த மீனையும் வேண்டாமென்று மறுத்துவிட்டார். ஒரு துண்டுத் துணி! கொடுப்பதும் எடுப்பதும் சகஜமாக நடக்கும் இடத்தில், கொடுத்ததை வாங்கிக்கொண்டு எடுத்ததற்குச் சுட்டால் என்ன ஆகும்? அவர்கள் மெல்ல விலகிப் போய்விட்டார்கள்.

ஜூன் மாதக் கடைசியில் வில்ஸால் எழுந்திருக்க முடியவில்லை. என்னை இங்கே விட்டுவிட்டு நீங்கள் இருவரும் போய் அந்த மக்களைத் தேடுங்கள் என்று அவரே சொன்னார். கொஞ்சம் நார்டூவையும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். தலைக்கு மேலே சுட்டு எந்த ஜனங்களை விரட்டினாரோ, அவர்களைத் தேடிப் போகிற வழியில் இரண்டு மூன்று நாளில் பர்க் இறந்தார். கிங் திரும்பி வந்து பார்த்தால் வில்ஸும் இறந்து கிடந்தார். சுற்றிலும் தண்ணீர் இருந்தது, மீன் இருந்தது, மனிதர்கள் இருந்தார்கள்.

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று நம்மவர்கள் சொல்வார்கள். கிங் பிழைத்தான். இந்தியாவில் படையில் இருந்துவிட்டு ஒட்டகங்களோடு வந்த சிப்பாய் அவன், அதிகாரி அல்ல. ஆதிகுடி மக்களைத் தேடிப் பிடித்தான். முதலில் அவர்கள் போ போ என்று ஜாடை காட்டினார்கள். அவன் போகவில்லை. காக்கைகளையும் பருந்துகளையும் சுட்டுக் கொடுத்தான். ஒரு பெண்ணின் கையில் இருந்த புண்ணைக் கழுவி மருந்திட்டான். அவள் நார்டூ இடித்துக் கொடுத்தாள். தங்க ஒரு குடிசையும் போட்டுக் கொடுத்தார்கள். ஒருநாள் பர்க்கின் உடல் கிடந்த இடத்துக்கு அவர்களை அழைத்துப் போய்க் காட்டினான். அதைக் கண்டு அவர்கள் எல்லோரும் அழுதார்கள். செடி கொடிகளைக் கொண்டுவந்து அந்த உடலை மூடினார்கள். தங்கள் ஆளைப் பார்த்துச் சுட்டவர் என்று தெரிந்துதான் மூடினார்களா, தெரியாமலா என்றெல்லாம் நான் ஆராயப் போவதில்லை. அழுதார்கள் என்று கிங் சொல்கிறான், அது போதும்.

செப்டம்பர் 15-ந் தேதி ஆல்பிரட் ஹோவிட் என்பவர் தலைமையில் தேடி வந்த கோஷ்டியார் கிங்கைக் கண்டுபிடித்தார்கள். ஹோவிட் அந்தப் பிரதேசத்தில் நடக்கப் பழகியவர். குறைந்த சாமானுடன் வந்து, ஓர் ஆளையும் இழக்காமல் திரும்பினார். கிங் 1872 வரையில் உயிரோடு இருந்தான். இந்தப் பிரயாணத்தில் மொத்தம் ஏழு பேர் மாண்டார்கள். பாட்டனும், ரைட்டின் கோஷ்டியில் வந்த லுட்விக் பெக்கர் என்ற சித்திரக்காரரும் அவர்களில் அடக்கம். பர்க்குக்கும் வில்ஸுக்கும் 1863 ஜனவரியில் மெல்போர்னில் அரசாங்க மரியாதையுடன் சவ ஊர்வலம் நடந்தது; பிறகு சிலையும் வைத்தார்கள். ஸ்டூவர்ட் 1862 ஜூலையில் வட கரையைத் தொட்டு, தம்முடன் வந்த அத்தனை பேரையும் உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தார்.

விசாரணைக் கமிஷன் ஒன்று உட்கார்ந்து, யார் மேல் எவ்வளவு தவறு என்று பங்கிட்டுக் கொடுத்தது. பர்க்குக்கு ஒரு பங்கு, ரைட்டுக்கு ஒரு பங்கு, பிராஹேக்கு ஒரு பங்கு, கமிட்டிக்கும் ஒரு பங்கு. எனக்கு அந்தப் பங்கீட்டில் அக்கறை இல்லை. இவர்களில் ஒருவரும் கெட்டவர் அல்ல. ஒருவரும் கோழை அல்ல. பிராஹே சொன்ன கெடுவுக்கு மேல் ஒரு மாதம் அதிகமாகவே காத்திருந்தான். கிரேயைப் புதைக்காமல் விட்டு வர அந்த மூவருக்கும் மனம் வரவில்லை. நல்லவர்களாக இருந்தும் செத்தார்கள் என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது.

ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ உல்லாசமாகப் போகிற இளைஞர்கள் இந்தக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். இன்று கையில் டெலிபோன் இருக்கிறது, அதிலேயே படம் இருக்கிறது, எங்கே நிற்கிறோம் என்று அது காட்டிவிடும். வில்ஸுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். நடுவில் வழி மாறினால் மாறியதைத் தெரிவிக்காமல் மாறாதீர்கள். கூட வருகிறவன் முடியவில்லை என்றால் நம்புங்கள். மலையில் ஆடு மேய்க்கிற கிழவனைக் கண்டால் நின்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். இவ்வளவுக்கும் காசு செலவில்லை, கனமும் இல்லை.

அந்தக் கூலிபா மரம் இன்றும் கூப்பர் ஓடைக் கரையில் நிற்கிறது. பார்க்கப் போகிறவர்கள் உண்டு. பிராஹே வெட்டிய 'தோண்டு' என்ற எழுத்தைப் பட்டை வளர்ந்து மூடிவிட்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல் வெட்டுவதற்கு அன்று ஒரு கத்தியும் கால்மணி நேரமும் போதுமானதாக இருந்திருக்கும்.